தோட்டாவுக்குள் இருந்த மருந்து யாருடையது?



இதே அரங்கில் 1915ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் சிப்பாய்க் கலகத்தைப் பற்றி நான் பேசி முடித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, 1857ல் தோட்டாவில் தடவிய கொழுப்பால்தான் கலகம் வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மேலே தடவியதைப் பற்றி இத்தனை பேச்சு. உள்ளே இருந்த மருந்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே, ஏன்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளமா படித்தவனுக்கு மைக் பிடிக்கத் தெரியும். வெடிமருந்தைப் பற்றி என்ன தெரியும்? தேசிய சேவையில் சுட்டிருக்கிறேன், துப்பாக்கியைத் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதன் பிறகு சில வாரங்கள் நூலகமும் கையுமாக இருந்தேன். இன்றைய பேச்சு அந்தப் பெரியவருக்கு நான் சொல்லும் தாமதமான பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்தத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. கடைக்குப் போனால் டப்பா டப்பாவாகப் பல வகை மருந்து அடுக்கியிருக்கும். எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தீபாவளிக்குத் தேக்காவில் ஒரு சரவெடி கொளுத்த முடியாது. அதற்கு 1972லேயே தடை வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஆயுதக் குற்றங்களுக்கான சட்டமும் வந்தது. அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு. ஆகவே நான் பேசப்போவது வரலாறு மட்டுமே.

எந்த மருந்து என்ற கேள்வி ஏன் எழுகிறது? மருந்தெல்லாம் ஒன்றுதானே, பற்றவைத்தால் வெடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் அது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதில் இருக்கிறது. வைக்கோலைக் கொளுத்தினால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். புளிய விறகு நின்று எரியும். பிரியாணி அண்டாவுக்கு வைக்கோல் உதவாது, விறகுதான் வேண்டும். துப்பாக்கியிலும் அப்படித்தான். குழல் அகலமாக இருந்தால் வேகமாக எரியும் மருந்து போதும். குழல் சிறுத்து, குண்டு நீண்டு மெலிந்தால், அதைக் குழலின் கடைசிவரை தள்ளிக்கொண்டே போக நிதானமாக எரியும் மருந்து வேண்டும். வேகமான மருந்தைச் சிறிய குழலில் போட்டால் அழுத்தம் ஒரே நொடியில் ஏறித் துப்பாக்கியே உடையலாம். ரொம்ப நிதானமானதைப் போட்டால் பாதி மருந்து எரியாமலே வாய்வழியே வெளியேறும்.

இனி 1857க்கு வருவோம். அன்றைய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் 0.577 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட பதினைந்து மில்லிமீட்டர். உள்ளே இருந்தது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த பழைய கருமருந்து. அதில் பெரும்பங்கு வெடியுப்பு. உலகின் சிறந்த வெடியுப்பு பீகாரில் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலிருந்து அதைக் கப்பல் கப்பலாக ஏற்றியது. ஐரோப்பாவின் போர்களில் சுட்ட மருந்தில் நம் துணைக்கண்டத்து மண்ணின் உப்பு இருந்தது.

கருமருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதைத் தயாரிக்கப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. தென்னாட்டுப் பாளையக்காரர்களிடம் சொந்தக் கிடங்குகள் இருந்தன. சிவகங்கையில் குயிலி வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு குதித்தாள் என்று மக்கள் இன்றும் சொல்லும் கதை அந்தக் காலத்தது. 1857ல் டில்லியைப் பிடித்த சிப்பாய்களும் நகருக்குள்ளேயே மருந்து தயாரித்தார்கள். பேகம் சம்ருவின் பழைய மாளிகையில் நடந்த அந்தத் தயாரிப்புக் கூடம் ஆகஸ்டு 7ஆம் தேதி வெடித்துச் சிதறியது. கலகக்காரர்களுக்கு அது பேரிழப்புதான். ஆனாலும் தங்கள் மருந்தைத் தாங்களே அரைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

அந்தக் கலகத்தின்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் கேனிங் பிரபு. அவர் பெயர்தான் நம் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு வைக்கப்பட்டது. எத்தனை திருமணப் புகைப்படங்கள் அந்தப் பூங்காவில் எடுக்கப்படுகின்றன! மாப்பிள்ளை, பெண் யாருக்கும் 1857 நினைவுக்கு வந்திருக்காது.

கலகம் அடங்கியதும் ஆங்கிலேயர் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குப் புது ரகத் துப்பாக்கி. இந்தியச் சிப்பாய்க்கு அதற்கு முந்தைய ரகம். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். 1878ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியப் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது.

இதற்கிடையே ஐரோப்பாவில் மருந்தே மாறிவிட்டது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் கரிப்பிசுக்காகவும் மிஞ்சும். சில வேட்டுகளுக்குள் குழல் அடைபடும். சுட்டவன் எங்கே நிற்கிறான் என்பதைப் புகை காட்டிக் கொடுக்கும். சிறிய குழலில் அடைப்பு இன்னும் மோசம். சிறுகுழல் துப்பாக்கி வேண்டுமென்றால் மருந்தை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. 1884ல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் பிரான்ஸ் அதை 8 மில்லிமீட்டர் துப்பாக்கியில் போட்டுவிட்டது. மற்ற நாடுகளின் ஆயுதங்கள் எல்லாம் ஒரே நாளில் கிழடு தட்டிப்போயின.

பிரிட்டன் அவசர அவசரமாக 0.303 அங்குலத் துப்பாக்கியை 1888ல் கொண்டுவந்தது. நம் தாத்தாக்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்வார்களே, அதுதான். என்ஃபீல்டின் 0.577ஓடு ஒப்பிட்டால் குழல்வாயின் பரப்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் துப்பாக்கி தயார், மருந்து தயாராகவில்லை. முதலில் கருமருந்தையே அழுத்திக் கட்டியாக்கி உள்ளே திணித்தார்கள்.

சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். அதில் ஃபிரெடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு விஞ்ஞானிகள். டூவர் யார் தெரியுமா? நாம் காப்பி ஊற்றி வைக்கும் ஃபிளாஸ்க் அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. நோபல் பரிசு நிறுவிய ஆல்ஃபிரெட் நோபல் ஏற்கெனவே பாலிஸ்டைட் என்ற மருந்துக்கு உரிமம் வாங்கியிருந்தார். அவர் தம் விவரங்களை இந்தக் குழுவோடு பகிர்ந்துகொண்டார். தேர்வுக் குழுவில் இருந்த இருவரும் 1889ல் தாங்களே ஒரு மருந்துக்கு உரிமம் வாங்கிவிட்டார்கள்! நோபல் வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபை வரை போய் 1895ல் தோற்றார். டெண்டர் குழுவில் இருப்பவரே டெண்டர் எடுத்தது போல என்று எங்கள் தயாரிப்பாளர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த மருந்தின் பெயர் கார்டைட். ‘கார்டு’ என்றால் கயிறு. நைட்ரோகிளிசரினையும் வெடிப்பஞ்சையும் சேர்த்து மாவாக்கி, அச்சில் பிழிந்து நூல் நூலாக எடுப்பார்கள். நம் வீட்டில் இடியாப்பம் பிழிகிற அதே வேலை. இங்கே மலாய்க் கடையில் ‘புத்து மாயம்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த உருவம்தான், கொஞ்சம் பழுப்பு நிறம். நூலின் தடிமனை மாற்றினால் எரியும் வேகம் மாறும். மெல்லிய நூல் சீக்கிரம் எரியும், துப்பாக்கிக்கு ஆகும். தடித்த கயிறு மெல்ல எரியும், பீரங்கிக்கு ஆகும். பழைய மருந்தின் எடையில் பாதிகூட வேண்டியதில்லை. புகையும் மிகக் குறைவு.

அதில் கொஞ்சம் வாசலினும் சேர்த்தார்கள். ஆம், உதட்டில் தடவுகிற வாசலின் போன்றதுதான். குழல் தேயாமல் இருக்கட்டும் என்பது நோக்கம். குழல் தேய்வதை அது பெரிதாகத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் வெப்ப நாடுகளில் மருந்து கெட்டுப்போகாமல் காக்க அதுவே உதவியது.

கார்டைட்டின் சூடு குழலைத் தின்றது. மெட்ஃபோர்டு என்பவர் வடிவமைத்த ஆழமில்லாத வரிக்கோடுகள் கருமருந்தின் பிசுக்கை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புது மருந்தின் சூட்டில் விரைவில் மழுங்கின. ஆழமான கோடுகளை என்ஃபீல்டு தொழிற்சாலை வெட்டித் தந்தது. லீ-மெட்ஃபோர்டு என்ற துப்பாக்கி 1895ல் லீ-என்ஃபீல்டு ஆனது அப்படித்தான். மருந்து மாறியதால் துப்பாக்கியின் பெயரே மாறியது. பிறகு 1901ல் மருந்தையும் திருத்தினார்கள். நைட்ரோகிளிசரின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்.

இந்த இடத்தில் இந்தியச் சிப்பாயின் கையில் என்ன இருந்தது? 1897ல் வடமேற்கு எல்லையில், திரா மலைப்பகுதியில் பெரும் படையெடுப்பு நடந்தது. வெள்ளைச் சிப்பாய்களிடம் கார்டைட் போட்ட லீ-மெட்ஃபோர்டு. பக்கத்தில் நின்ற இந்தியச் சிப்பாய்களிடம் கருமருந்து போட்ட பழைய மார்ட்டினி. ஒரே மலை, ஒரே எதிரி. ஒருவன் சுட்டால் எங்கிருந்து சுட்டான் என்று தெரியாது. இன்னொருவன் சுட்டால் தலைக்கு மேல் வெள்ளைப் புகை எழுந்து “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்லும். எதிரே இருந்த அஃப்ரிடிகளில் சிலரிடம் களவாடிய லீ-மெட்ஃபோர்டுகளே இருந்தன. ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இது மீதிப் பதில். 1857ல் மேலே தடவிய கொழுப்பில் மதம் இருந்தது. 40 ஆண்டு கழித்து உள்ளே போட்ட மருந்தில் நிறம் இருந்தது. முன்னதற்காகக் கலகம் செய்தார்கள். பின்னதைப் பற்றிச் சிப்பாய்களிடமிருந்து பெரிய முணுமுணுப்பு எதையும் நான் படிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் சங்கடப்படுத்துகிறது.

இந்தியப் படைக்கும் 303 வந்து சேர்ந்த பிறகு கார்டைட்டை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்துக்கொண்டிருக்க முடியாது. 1903-1904ல் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே குளிர் உண்டு, தண்ணீர் உண்டு. காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் அருவங்காடு நிலையத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். யூகலிப்டஸ் வாசத்தையும் பனிமூட்டத்தையும் ரசித்துக்கொண்டு போகிறோம். மரங்களுக்கு நடுவே தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ‘இடியாப்பம்’ பிழிந்தது தெரிவதில்லை. ஊர்க்காரர்கள் அதை ‘கார்டைட்’ என்றே சொல்வார்கள். தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 முதல் இந்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

இப்போது அலெக்சாண்டிரா முகாமுக்கு வாருங்கள். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், பிற்பகல். 5ஆம் இலகு காலாட்படை மறுநாள் ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டும். தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் சிப்பாய்களிடையே தங்களைத் துருக்கியச் சுல்தானுக்கு எதிராகப் போரிட அனுப்புகிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்தது. ஒரு வேட்டு கேட்டது. லாரியில் இருந்த பெட்டிகள் கைப்பற்றப்பட்டன. ஏறக்குறைய பாதிப் படை கலகத்தில் இறங்கியது. 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களின் மாலுமிகளையும் ஜொகூர்ப் படையையும் துணைக்கு அழைத்து ஆங்கிலேயர் கலகத்தை அடக்கினார்கள். 47 சிப்பாய்களை ஊட்ரம் சிறைக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.

சென்ற முறை இதைச் சொன்னபோது அந்த லாரியைச் சும்மா கடந்துபோனேன். இப்போது அதுவே முக்கியமாகத் தெரிகிறது. டில்லிச் சிப்பாய்களைப் போல இவர்கள் மாளிகையில் உட்கார்ந்து மருந்து அரைக்க முடியாது. நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் அம்மிக்கல்லில் வராது. பெட்டியில் இருப்பது தீர்ந்தால் கையில் இருப்பது இரும்புக் கம்பு. சிறுகுழல் துப்பாக்கிக்கு அரசாங்கம் தேர்ந்தெடுத்த மருந்து, எந்தக் கலகத்துக்கும் முன்கூட்டியே ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டது. அதை மனத்தில் வைத்து ஏபலும் டூவரும் மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு அப்படி அமைந்தது.

இதே கதை 1943லும். சிராங்கூன் ரோட்டிலிருந்து பத்து நிமிட நடைதான் வாட்டர்லூ ஸ்திரீட். அங்கே அக்டோபர் 22ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை, சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்வாளி தூக்கிய கையில் ஏறக்குறைய 4 கிலோ துப்பாக்கி. இந்திய தேசிய ராணுவத்தின் ஆயுதங்களில் பெரும்பகுதி சரணடைந்த பிரிட்டிஷ் படையிடமிருந்து வந்தவை. நேதாஜியின் படைக்குத் தோள் கொடுத்ததும் 303தான்! ஆனால் ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கித் தோட்டா அதற்குப் பொருந்தாது. யாரை எதிர்த்துப் போனார்களோ, அவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1965ல் தனி நாடானோம். 1967ல் தேசிய சேவை. அதே 1967ல் அரசாங்கம் சார்ட்டர்ட் இண்டஸ்டிரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அது முதலில் தயாரித்தது துப்பாக்கி இல்லை; 5.56 மில்லிமீட்டர் தோட்டா. எம்16 துப்பாக்கியை உரிமம் வாங்கி இங்கேயே செய்தது பிறகுதான். தோட்டாவை அடுத்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன கதைகள் எல்லாம் காட்டுகின்றன.

அதே ஆண்டு, அதே 5.56 தோட்டாவைப் பற்றி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு விசாரணை நடந்தது. வியட்நாமில் இளைஞர்கள் சண்டை நடுவே துப்பாக்கி சிக்கிக்கொண்டு செத்தார்கள். சிலர் குழலைக் குத்தி எடுக்கும் கம்பியைக் கையில் பிடித்தபடியே கிடந்தார்கள். எம்16ஐ வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். அவர் வடிவமைத்தபோது பயன்படுத்தியது நறுக்கிய சிறு குழாய் வடிவ மருந்து. மக்கரோனியைப் பொடிப்பொடியாக நறுக்கியது போல. ராணுவம் எதிர்பார்த்த வேகத்தை, அனுமதித்த அழுத்தத்துக்குள், அந்த மருந்தால் சீராகத் தர முடியவில்லை என்று 1964ல் வேறு மருந்துக்கு மாறினார்கள். இது உருண்டை மருந்து, ஜவ்வரிசி போல. வேகம் கிடைத்தது. ஆனால் எம்16ல் வாயுவின் ஒரு பகுதி குழாய்வழியே திரும்பி வந்துதான் அடுத்த தோட்டாவை ஏற்றும். புது மருந்து அந்த இயக்கத்தை அளவுக்கு மீறி வேகப்படுத்தியது. அமிலத்தை முறிக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. இதற்கெல்லாம் மேலே, இந்தத் துப்பாக்கியை அதிகம் துடைக்க வேண்டாம் என்ற நினைப்பு பரவியிருந்தது. துடைக்கும் சாமான்களும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

ரிச்சர்ட் இக்கார்டு தலைமையிலான குழு 1967 அக்டோபரில் தன் அறிக்கையில் மருந்தை மாற்றிய முடிவைக் கடுமையாகச் சாடியது. பிறகு மருந்தில் கார்பனேட்டைக் குறைத்தார்கள், தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள், வேகத்தைத் தணிக்கும் பாகத்தை மாற்றினார்கள், துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உருண்டை மருந்து தன்னளவில் கெட்டதில்லை; இன்றும் பயன்படுகிறது. அந்தத் துப்பாக்கியோடு பொருத்திப் பார்க்காமல் மாற்றியதுதான் உயிர்களைக் குடித்தது. ஆய்வுக்கூடத்தில் ஓர் எண் சரியாக வந்தது, அவ்வளவுதான்.

என் பெரியப்பா 1970களில் தேசிய சேவை செய்தவர். இங்கே தயாரான எம்16 அவர் கையில். இந்தப் பேச்சுக்காக அவரிடம் கேட்டேன். “மருந்தெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. சார்ஜண்ட் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுப்பார். கறுப்பு ஒட்டியிருந்தால் சனிக்கிழமை வீட்டுக்குப் போக முடியாது. ஏன் இவ்வளவு துடைக்கச் சொல்கிறார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை” என்றார். வியட்நாம் கதையைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

எனக்குக் கிடைத்தது எஸ்ஏஆர் 21, அதுவும் இங்கே செய்ததுதான். தெக்கோங்கில் முதல் நாள் சுட்டு முடித்ததும் எல்லாரும் குனிந்து காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினோம். சுடச்சுட இருந்தன, ஒன்றை முகர்ந்து பார்த்தேன், சரவெடியின் கந்தக வாசம் அதில் இல்லை. எண்ணி ஒப்படைத்த பிறகு வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ எதுவும் இல்லை என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். என் முறை வருவதற்குள் சட்டைப் பையை இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.